டோட்டோ விழுமா? எக்ஸெல்லைக் கேளுங்கள்!

எக்ஸெல் என்றால் வீட்டு வரவு செலவைக் கூட்டிப் பார்க்கத்தான் என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் நினைக்கிறார்கள். பரிசுச் சீட்டுக்குப் பணம் கொடுப்பது வீணா இல்லையா என்பதையும் அது இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். அதற்குக் கணக்கில் புலியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பங்ஷன் தெரிந்தால் போதும்.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதல் லாட்டரிக்குத் தடை. ஆனால் நம்மவர்கள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் டோட்டோ குலுக்கல் சட்டப்படியே நடக்கிறது. அங்கிருக்கும் என் அக்கா மகன் ஒருநாள் போனில், "மாமா, வாரம் இருபது டாலருக்கு டோட்டோ எடுக்கிறேன். கம்ப்யூட்டரில் போட்டு நல்ல நம்பராகச் சொல்லுங்களேன்" என்றான். "நம்பர் சொல்ல முடியாது மாப்பிள்ளை. விழ எவ்வளவு வாய்ப்பு என்று வேண்டுமானால் சொல்கிறேன்" என்றேன். அந்தக் கணக்கை நீங்களும் செய்து பாருங்கள்.

டோட்டோவில் 1 முதல் 49 வரையுள்ள எண்களில் ஆறு எண்களை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறும் பொருந்தினால் முதல் பரிசு. அப்படியானால் 49 எண்களிலிருந்து ஆறாறாக எத்தனை விதமாக எடுக்கலாம்? இதைச் சொல்லும் பங்ஷனின் பெயர் காம்பின். ஆங்கிலத்தில் சி, ஓ, எம், பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகள்.

எக்ஸெல்லைத் திறந்து ஏ1 செல்லில் சமக்குறி போட்டு, காம்பின் என்று ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து, அடைப்புக் குறிக்குள் 49,6 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். 13983816 என்று வரும். அதாவது 1,39,83,816 விதங்கள். இவற்றில் ஒன்றுக்குத்தான் முதல் பரிசு.

அடுத்து ஏ2 செல்லில் =1/ஏ1 என்று கொடுங்கள். செல் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் தர வேண்டும். 7.15ஈ-08 என்று ஏதோ வந்து நிற்கும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். 7.15-இல் உள்ள புள்ளியை எட்டு இடம் இடப்பக்கம் தள்ளிப் படியுங்கள் என்பதுதான் அதன் பொருள். 0.0000000715 என்று வரும். இதுதான் ஒரு சீட்டுக்கு உள்ள வாய்ப்பு.

2014 அக்டோபருக்கு முன்பு டோட்டோவில் 45 எண்கள்தான் இருந்தன. 49 இருந்த இடத்தில் 45 போட்டுப் பாருங்கள். 81,45,060 என்று வரும். நான்கே எண்கள் கூடியதில் ஜெயிப்பது எவ்வளவு கடினமாகிவிட்டது பாருங்கள்!

அக்கா மகன் ஒரு டாலர் சீட்டாக வாரம் இருபது எடுக்கிறான். வருடத்துக்கு 1,040 சீட்டு, 1,040 டாலர். ஏ3 செல்லில் =ஏ1/1040 என்று கொடுத்தால் 13,446 என்று விடை வருகிறது. முதல் பரிசு ஒருமுறை விழச் சராசரியாக இத்தனை வருடம் சீட்டு எடுக்க வேண்டும்.

"அதெல்லாம் சரி மாமா, எனக்கு அடிக்கடி சின்னப் பரிசு விழுகிறதே?" என்றான். அதையும் கணக்குப் போட்டோம். ஆறு வெற்றி எண்களில் மூன்று வருவது காம்பின்(6,3), அதாவது 20 விதம். மீதி 43 எண்களில் மூன்று வருவது காம்பின்(43,3), அதாவது 12,341 விதம். இரண்டையும் பெருக்கினால் 2,46,820. ஏ1-ஐ இதனால் வகுத்தால் ஏறக்குறைய 57. ஆக, 57 சீட்டுக்கு ஒன்றில் மூன்று எண் பொருந்தும். அவனுக்கு இது மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடக்கும். அதற்குப் பரிசு 10 டாலர். கூடுதல் எண்ணும் பொருந்தினால் 25 டாலர். 57 டாலர் போட்டு 10 டாலர் எடுப்பதைத்தான் அவன் 'அடிக்கடி விழுகிறது' என்கிறான். இந்த ஒர்க் ஷீட்டைப் பார்த்தபிறகு வாரம் இரண்டு சீட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறான்.

அதிர்ஷ்ட எண்ணைக் கணித்துத் தருகிறோம் என்று சாப்ட்வேர் விற்பவர்களை நம்பாதீர்கள். முன்பு வந்த எண்கள் எவை என்பது குலுக்கலில் உருளும் பந்துக்குத் தெரியாது. பிறந்த தேதிகளை வைத்து 31-க்குள்ளேயே எண் எழுதுவதும் வாய்ப்பைக் கூட்டாது. அப்படி எழுதுபவர்கள் நிறையப் பேர் என்பதால், தப்பித் தவறி விழுந்தாலும் பரிசைப் பலரோடு பங்கு போட வேண்டி வரலாம்.

இன்னொன்று. "உங்கள் இமெயில் முகவரிக்குக் கோடி ரூபாய் பரிசு விழுந்திருக்கிறது, முதலில் வரியைக் கட்டுங்கள்" என்று மெயில் வந்தால் எக்ஸெல் கூட வேண்டாம். நீங்கள் எடுத்த சீட்டு பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை ஏ1 செல்லில் உள்ள எண்ணால் வகுத்தாலும் பூஜ்ஜியம்தான். பணம் அனுப்பாமல், வங்கி விவரம் எதையும் தராமல் உடனே டெலிட் செய்துவிடுங்கள்.