தொடாமல் சுற்றும் இரும்பு

சிலிண்டருக்குள் விரலை விட்டு, நகத்தைச் சுவரில் பதித்து மேல்நோக்கி இழுத்தேன். விளிம்பை நெருங்கும்போது ஓர் இடத்தில் நகம் மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத படி ஒன்று அங்கே இருந்தது. "நகம் மாட்டுச்சுன்னா போர் எடுத்தே ஆகணுங்க தம்பி" என்றார் போரிங் பட்டறைப் பெரியவர். சிலிண்டரை அளக்கும் போர் டயலை அவர் இன்னும் பெட்டியிலிருந்து எடுத்திருக்கவே இல்லை.

பிரீமியர் பத்மினி எஞ்சின் அது. கோயம்புத்தூரில் ஒரு பழைய வீட்டு ஷெட்டில் கிடந்த காரை ஓட்டுவதற்காக நான் வாங்கவில்லை, பிரித்துப் பார்க்கத்தான் வாங்கினேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். ஆயில் குடித்தது, நீலப் புகை தள்ளியது, மேடு கண்டால் மூச்சு வாங்கியது. நான்கு சிலிண்டர், 1089 சிசி. சிலிண்டரின் குறுக்களவு, அதாவது 'போர்', 68 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ. இந்த இரண்டு எண்களும் 1937-இல் இத்தாலியில் ஃபியட் 508 சி காருக்காக முடிவானவை. நடுவில் ஓர் உலகப் போரே வந்து போனது. எஞ்சின் கடல் தாண்டி வந்தது, மும்பை குர்லாவில் பத்மினி என்று பெயரும் மாறியது. சிலிண்டரின் 'போர்' மட்டும் மாறவில்லை.

டயல் சொன்ன கணக்கு இது: அடியில் 68.03, உச்சியில் 68.21. ஏறக்குறைய மூன்று தலைமுடித் தடிமன்தான் வித்தியாசம். இதற்கா இத்தனை புகை என்று முதலில் தோன்றியது. அந்தச் சுவரில் பிஸ்டன் எவ்வளவு தூரம் நடந்திருக்கும் என்று கணக்குப் போட்ட பிறகு, இவ்வளவுதானா தேய்ந்தது என்று ஆகிவிட்டது. வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடியதாகக் கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ., எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், 2000 மணி நேரத்தில் 36 கோடி சுற்று. ஒரு சுற்றுக்கு ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், மொத்தம் 15 செ.மீ. அப்படியானால் பிஸ்டன் நடந்தது 54,000 கி.மீ. பூமியை நடுக்கோட்டில் ஒருமுறை சுற்றி, மிச்சத்தில் இன்னும் பதினான்காயிரம் கிலோமீட்டர் போகலாம். அத்தனையும் சோற்றுக்கரண்டி நீளம்கூட இல்லாத ஒரு சந்துக்குள்.

சரி, தேய்ந்தது ஏன் உச்சியில் மட்டும்? வேகமாக உரசும் இடம்தான் அதிகம் தேயும் என்று நமக்குப் படும். பிஸ்டன் மிக வேகமாகப் போவது நடுவில். உச்சிக்கு வந்ததும் அது ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கிற இடத்தில்தான் தேய்மானம்! பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் உண்டு. ரிங் வேகமாக வழுக்கும்போது எண்ணெய் அதன் விளிம்புக்கடியில் புகுந்து அதைத் தூக்கிப் பிடிக்கிறது. நின்றுவிட்டால் தூக்க ஆளில்லை. அதே உச்சியில்தான் பெட்ரோல் எரிகிறது. எரிந்த வாயு ரிங்கின் பின்பக்கப் பள்ளத்துக்குள் நுழைந்து, ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. ரிங் வாயுவை அடைப்பதே இந்தத் தந்திரத்தால்தான்: எரிப்பு எவ்வளவு பலமோ, அடைப்பும் அவ்வளவு பலம். ஆக, சூடு அதிகம், அழுத்தம் அதிகம், எண்ணெயோ குறைவு. மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. ரிங் எட்டாத மேல்விளிம்பு மட்டும் தேயாமல் அப்படியே நிற்கிறது. என் நகம் மாட்டியது அதில்தான்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் பக்கம் வந்தால் இதைவிட வேடிக்கை. ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் இடையே ஒரு மி.மீ.-யில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இடைவெளி. ஓடும்போது இரண்டும் தொடுவதே இல்லை. இது தற்செயலாகத் தெரியவந்தது. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக ரயில் சக்கர பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார் போஷாம் டவர். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல் ஓட்டை போட்டார். தண்டைச் சுற்றவிட்டால், அந்த ஓட்டை வழியே எண்ணெய் உள்ளே போகாமல் வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், பிதுங்கி வந்துவிட்டது. மரக்கட்டையைச் சொருகினார், அதுவும் அப்படியே. கேஜ் மாட்டிப் பார்த்தால், ஊசி சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டைத் தாண்டியது. 1883-இல் வெளியான அறிக்கை இது. மூன்று ஆண்டு கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்கால் விளக்கினார்: சுற்றும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு குறுகலான பக்கத்துக்குள் ஆப்பு போலச் செருகுகிறது, அந்த ஆப்பு தண்டையே தூக்கிவிடுகிறது. மழைச் சாலையில் டயர் தண்ணீர் மேல் மிதந்து நம்மைப் பதற வைக்கிறதே, அதே விஷயம்தான். அங்கே ஆபத்து, இங்கே உயிர்.

அந்த இடைவெளியை அளக்க, மெழுகு மாதிரியான மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்று இருக்கிறது. தண்டின் மேல் வைத்து, பேரிங் மூடியை முறுக்கி, திரும்பக் கழற்றினால் இழை நசுங்கியிருக்கும். எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறதோ அவ்வளவு நெருக்கம். இந்த எஞ்சினில் மெயின் பேரிங் மூன்றுதான். அதிலும் ஒரு மூடியைத் திருப்பிப் போட்டு, கிராங்க் இறுகிப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். மூடியையும் பிளாக்கையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் கடைகிறார்கள், அதனால் இடமும் திசையும் மாறக்கூடாது.

சிலிண்டரை அகலமாகக் கடைந்து, 0.4 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போர் எடுத்தோம். அந்த வகையில் எஞ்சின் 1102 சிசி ஆகிவிட்டது; பதின்மூன்று சிசி இலவசம். கடைந்து முடிந்த சிலிண்டர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். பெரியவர் ஹோனிங் கல்லைச் சுழற்றி மேலும் கீழும் இழுத்து, சுவரெங்கும் குறுக்கும் மறுக்குமாகக் கீறிவைத்தார். வழவழப்பான சுவரில் எண்ணெய் தங்காது. கீறல்களில்தான் தங்கும். புது ரிங் அந்தக் கீறல்களின் முகடுகளைத் தேய்த்துத் தானும் தேய்ந்து, சுவரோடு பொருந்திக்கொள்ளும். கண்ணாடியாக்கிக் கொடுத்திருந்தால் ரிங் கடைசிவரை படிந்திருக்காது, பழைய புகையே திரும்ப வந்திருக்கும்.

பிளாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்ரோல் ஊற்றிக் கழுவினேன். அடுத்த நாள் பார்க்க வந்த பெரியவர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டின் நுனியால் சுவரைத் துடைத்தார். நுனி சாம்பல் நிறமாகிவிட்டது.

"எதுலீங்க கழுவுனீங்க?"

"பெட்ரோல்ல அண்ணே."

"அது பிசுக்கைத்தான் எடுக்கும். கல்லுப்பொடி அப்படியே கெடக்குது பாருங்க. சுடுதண்ணி, சோப்பு, பிரஷ்."

ஹோனிங் கல்லின் துகள் உள்ளே தங்கினால் புது ரிங்கை அதுவே அரைத்துவிடும். நுரையோடு தேய்த்தால்தான் துகள் கீறலிலிருந்து எழும்பி வருகிறது. நான்கு முறை கழுவிய பிறகுதான் துண்டு வெள்ளையாக வந்தது. ஈரம் உலர்ந்த கையோடு எண்ணெய் பூச வேண்டும். தாமதித்தால் கண்ணெதிரே துரு ஏறும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை வெறுமனே சுற்றவிட்டோம். அதன்பிறகுதான் பிளக் மாட்டினோம். மூன்றாவது முயற்சியில் பிடித்தது. பூசிவைத்த எண்ணெயெல்லாம் எரிந்து சைலன்ஸரில் மூன்று நிமிடம் புகை, பிறகு ஒன்றுமில்லை. பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஐந்நூறு கிலோமீட்டருக்கு விரட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார். முன்பு புது எஞ்சின் வண்டிகளின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டியிருப்பார்களே, அந்தக் காலம் இதுதான்.

ஐந்நூறு முடிந்ததும் ஆயிலை ஒரு வெள்ளைப் பேசினில் வடித்து வெயிலில் வைத்தேன். சாய்த்துப் பார்த்தால் எண்ணெய்க்குள் மெல்லிய வெள்ளி மினுமினுப்பு. காந்தத்தை நனைத்து எடுத்தேன், சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் கீறிக் கொடுத்த முகடுகள்.