கடைமடைக்கும் மின்சாரம் வேண்டும்

"அண்ணாச்சி, எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?"

ஜங்ஷன் டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கும் முன்பே கேட்டுவிட்டார், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த கல்லூரித் தம்பி. அவரிடம் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் வகை மெலிந்த கம்ப்யூட்டர். பெரிய ஊர் அலுவலகங்கள் கழித்துவிடும் இந்தப் பெட்டிகள் செகண்ட்ஸில் மலிவாகக் கிடைக்கின்றன. மேசையில் இடத்தை அடைக்காது, நன்றாக உழைக்கும். வீடியோ எடிட்டிங் பழகவும் கொஞ்சம் கேம் ஆடவும் அதில் ஒரு கார்டு போட வேண்டும்.

"கார்டு இருக்கட்டும் தம்பி. உங்க எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்?"

அவருக்குத் தெரியவில்லை. அதில் தப்பில்லை. பலரும் கார்டின் பெயரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சின்னப் பெட்டிக்கு, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பேப்பரில் வருகிறது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கடைமடையில் நிற்கும் விவசாயிக்குத் தன் வாய்க்காலில் எவ்வளவு வரும் என்பதுதான் கணக்கு. எஸ்.எம்.பி.எஸ். மேல் பெரிதாக எழுதியிருக்கும் வாட், அணையின் நீர்மட்டம். கார்டுக்கு வந்து சேருவதோ 12 வோல்ட் வாய்க்காலில் ஓடுவது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே ஆம்ப்ஸ் போட்டிருக்கும். 16 ஆம்ப்ஸ் என்றால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள், 192 வாட். மேலே 450 என்று அச்சடித்திருந்தாலும், பிராசசரும் கார்டும் பங்கிட்டுக்கொள்ள இருப்பது ஏறக்குறைய அந்த 192தான்.

அடுத்து, செலவு. மதர்போர்டில் கார்டு உட்காரும் நீளமான ஸ்லாட், விதிப்படி அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி ஒயர் போக வேண்டும்: 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150. தம்பியுடையதைப் போன்ற பெட்டிகள் சிலவற்றில் 240 வாட் எஸ்.எம்.பி.எஸ். இருக்கும், அந்தத் தனி ஒயர் பெரும்பாலும் இருக்காது. பிராசசருக்கு 65, கார்டுக்கு 75, மற்றதெல்லாம் சேர்த்து 40 என்று வைத்தால் 180. கால் பங்கு மிச்சம். அந்த மிச்சம் கட்டாயம் வேண்டும். பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் மூச்சுவிட இடமில்லாமல் ஓடும் எஸ்.எம்.பி.எஸ். சீக்கிரம் போய்விடும்.

ஆக, தனி ஒயர் கேட்காத கார்டுதான் இவருக்குப் பொருத்தம். 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 அப்படிப்பட்டது, 75 வாட். ஆனால் அதே பெயரில் 6 பின் கேட்கும் மாடல்களும் உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள். 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி கார்டு 70 வாட்தான். பழைய 8 ஜிபி 3050 வாங்கிவிட்டால் 130 வாட் வரை போகும், தனி ஒயரும் வேண்டும். ஒரே பெயர், இரண்டு வேறு கார்டுகள். ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட் போதும். ஆனால் வீடியோவை ஏற்றுமதி செய்ய உதவும் என்கோடர் அதில் கிடையாது, பழைய மதர்போர்டில் வேகமும் குறையும். எடிட்டிங் பழகுகிறவருக்கு அது வேண்டாம். இன்டெல் ஆர்க் கார்டு முழுத்திறனில் ஓட, புதிய மதர்போர்டுகளில் இருக்கும் ரீசைசபிள் பார் என்ற வசதி வேண்டும். பழைய பெட்டிக்கு அதுவும் சரிவராது.

ஸ்கேலையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெலிந்த பெட்டிக்கு உயரம் குறைந்த, லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். பின்பக்கம் மாட்டும் குட்டைத் தகடு கூடவே வருகிறதா என்று கடையில் கேளுங்கள். கார்டு ஒரு ஸ்லாட் தடிமனா, இரண்டா என்றும் பாருங்கள். சில கம்ப்யூட்டர் மாடல்களில் கார்டு உட்காரும் ஸ்லாட்டுக்கே 75 வாட்டுக்குக் கீழே வரம்பு உண்டு, கம்பெனி கையேட்டில் போட்டிருப்பார்கள்.

"பெரிய எஸ்.எம்.பி.எஸ். மாத்திட்டா?" என்றார் தம்பி. இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு எஸ்.எம்.பி.எஸ்ஸின் வடிவமும் பின்னும் கம்பெனிக்கே உரியவை. கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் உள்ளே போகாது. புதிதாகவே சின்னப் பெட்டி கட்டுகிறவர்கள் எஸ்எஃப்எக்ஸ் அளவில் (அகலம் 125, உயரம் 63.5, நீளம் 100 மில்லிமீட்டர்) தரமானதாக ஒன்று எடுக்கலாம். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா ஒயரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுக்கும் கன்வெர்ட்டரை வாங்கவே வாங்காதீர்கள். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், 6 பின் கார்டு இழுக்கக்கூடியது 75. பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். வீட்டில் பிள்ளைகள் தூங்கும் அறையில்தான் அந்தப் பெட்டி இருக்கிறது.

கார்டு வாங்கக் கிளம்பும் முன் பெட்டியைத் திறந்து, 12 வோல்ட் ஆம்ப்ஸ், தனி ஒயர் உண்டா இல்லையா, உள்ளே இருக்கும் இடத்தின் நீள உயரம், இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். அந்தச் சீட்டோடு கடைக்குப் போங்கள்.