கட்டாரி எந்த ஊர்?

மாம்பழத்தைப் பார்த்ததுமே அது பங்கனப்பள்ளியா, மல்கோவாவா என்று பாட்டி சொல்லிவிடுவார் அல்லவா? அதேபோல, பழைய குத்துவாளைப் பார்த்ததும் அது எந்த ஊரில் செய்தது, தரமானதா என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

நம் நாட்டுக் குத்துவாள்களில் புகழ்பெற்றது கட்டாரி. இதன் கைப்பிடி ஏணிப்படி போலக் குறுக்கே இருக்கும். கையை மடக்கிப் பிடித்தால், அலகு விரல்முட்டிகளுக்கு முன்னே நீண்டு நிற்கும்.

முதலில் பிடியைப் பார்ப்பார்கள். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச் சாலையில் இருந்த கட்டாரிகள் பலவற்றில், கையைக் காக்க இலை போலவோ பாம்பின் படம் போலவோ ஓர் இரும்புத் தகடு உண்டு. நம் கோயில் தூண்களில் உள்ள யாளியும் சிலவற்றில் இருக்கும். வட இந்தியக் கட்டாரிகளில் பொதுவாக இந்தத் தகடு இராது.

அடுத்து அலகு. இங்கேதான் ஒரு வியப்பு! தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றின் அலகு ஐரோப்பாவில் செய்தது. கப்பலில் வந்த வாளின் அலகை நம் கொல்லர்கள் தங்கள் பிடியில் ரிவிட் அடித்துப் பொருத்தினார்கள். ஆகவே அலகை மட்டும் பார்த்து ஊரைச் சொன்னால் ஏமாந்துபோவோம்.

பிறகு உலோகத்தின் தரம். தென்னிந்தியக் கொல்லர்கள் இரும்போடு மரத்துண்டுகளையும் இலைகளையும் களிமண் குடுவையில் அடைத்து, உலையில் காய்ச்சி உருக்கு செய்தார்கள். அந்த உருக்கில் அடித்த நல்ல அலகில் நீரலை போன்ற மெல்லிய கோடுகள் தெரியும்.

ஜப்பானில் 'டான்டோ' என்னும் குத்துவாளைச் சோதிக்கும்போது, பிடியைக் கழற்றி உள்ளே இருக்கும் காம்பைப் பார்ப்பார்கள். பல வாள்களில் கொல்லரின் பெயர் அங்கே வெட்டப்பட்டிருக்கும். பெரிய கொல்லரின் பெயரைப் பொய்யாக வெட்டியவர்களும் உண்டு! ஆனால் பல நூறு ஆண்டுத் துருவைப் போலியாக உண்டாக்குவது கடினம். அதனால் காம்பிலுள்ள துருவை அங்கே தேய்த்து எடுக்க மாட்டார்கள். அந்தத் துருவே சாட்சி.

நம் ஊரில் சாட்சிகள் பல அழிந்துவிட்டன. 1855-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் ஆயுதச் சாலை கலைக்கப்பட்டது. பல ஆயுதங்கள் உடைபட்டுப் பழைய இரும்பாகப் போயின. தப்பியவற்றில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.

உங்கள் தாத்தா வீட்டுப் பரணில் பழைய கத்தி ஏதும் கிடைத்தால் நீங்கள் தொடாதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்களும் அதைப் புளி போட்டோ உப்புத்தாள் கொண்டோ தேய்க்க வேண்டாம். பழைய இரும்புக் கடையிலும் போட வேண்டாம். அருங்காட்சியகத்தில் காட்டிக் கேட்கலாம்.

நம் கீழ்க்கட்டளைப் பிள்ளைகள் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். விடுமுறையில் அப்பா அம்மாவுடன் போய், தஞ்சை ஆயுதங்களைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் எழுதியிருக்கும் குறிப்பைப் படிக்கும் முன்பே, அது எந்த ஊர் என்று நீங்களே சொல்லிப் பாருங்களேன்!