ஆறடி இரண்டங்குல வேலைக்காரன்

மாறுவேட ராஜா கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். துணியை மாற்றிவிட்டால் போதுமா? பேச்சு, நடை, கை, இதையெல்லாம் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

இதற்குக் கொஞ்சம் நம்பகமான பதில் இரண்டாம் சார்லஸிடம் கிடைக்கிறது. 1680ல், நியூமார்க்கெட்டில், அவரே வாயால் சொல்லச் சொல்ல சாமுவேல் பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார். 29 வருடம் கழித்துச் சொன்னது, அதுவும் ராஜா தன்னைப் பற்றியே சொன்னது. அதனால் சில இடங்களில் உப்பைக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1651 செப்டம்பர் 3, வூஸ்டர் போரில் கிராம்வெல்லிடம் படுதோல்வி. அப்போது சார்லஸுக்கு வயது 21. அப்பாவின் தலையை வெட்டி இரண்டரை வருடம்தான் ஆகியிருந்தது. பிடித்துக் கொடுத்தால் 1000 பவுண்ட் பரிசு, உதவினால் உயிர் போகும். ஆள் வேறு ஆறடி இரண்டங்குலம்! உயரத்தை எந்த வேஷத்தில் மறைப்பது?

முதலில் காப்பாற்றியவர்கள் பெண்டரல் சகோதரர்கள், சாதாரண உழைப்பாளிகள். முடியை வெட்டி, முரட்டுத் துணி போட்டு, மரம்வெட்டி மாதிரி ஆக்கினார்கள். செருப்புத்தான் மாட்டிக்கொண்டது. அவர் கால் அளவுக்கு யாரிடமும் இல்லை. இருந்ததைக் கிழித்துப் போட்டும் காலெல்லாம் புண். பாஸ்கபெல்லில் ஓக் மரத்தில் ஒரு பகல் முழுக்க ஒளிந்திருந்த கதைதான் பிரபலம். எனக்கென்னவோ அந்தச் செருப்புதான் மனதில் நிற்கிறது.

பிறகு ஜேன் லேன் என்ற பெண்ணின் வேலைக்காரனாக, 'வில் ஜாக்சன்' என்ற பெயரில் குதிரைப் பயணம். ஒரு வீட்டுச் சமையலறையில், இறைச்சி கோத்த கம்பியைச் சுழற்றும் கருவியை முடுக்கிவிடச் சொன்னாள் சமையல்காரி. ராஜாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? தப்பாக முடுக்கவும், இதுகூடத் தெரியாத நீ எந்த ஊர்க்காரன் என்று எகிறினாள். 'நாங்க ஏழைக் குடியானவங்க, கறி சுடுறதே அபூர்வம், சுட்டாலும் இந்த மாதிரி கருவி எல்லாம் கிடையாது' என்கிற மாதிரி சமாளித்தார். துணி காப்பாற்றவில்லை. ஏழை வீட்டில் என்ன இருக்காது என்று சரியாக ஊகித்ததுதான் காப்பாற்றியது.

ஆறு வாரம் சுற்றி, அக்டோபர் 15ல் ஷோர்ஹாமிலிருந்து நிலக்கரிப் படகில் பிரான்ஸுக்குத் தப்பினார். வழியில் அடையாளம் கண்டுகொண்டவர்கள் நிறையப் பேர். 1000 பவுண்டுக்கு யாரும் ஆசைப்படவில்லை. உதவியவர்களில் பலர் கத்தோலிக்கர்கள். அவர்கள் வீடுகளில் பாதிரியார்களை ஒளித்து வைக்க ரகசிய அறைகள் ஏற்கெனவே இருந்தன. ஒளிப்பது அவர்களுக்குப் பழகிய வேலை.

மோஸ்லி என்ற வீட்டில் அப்படி ஓர் அறையைக் காட்டியவர் ஹடில்ஸ்டன் என்ற பாதிரியார். 1685 பிப்ரவரியில் சார்லஸ் மரணப்படுக்கையில் இருந்தபோது, அவரைக் கத்தோலிக்க மதத்தில் சேர்க்க அதே ஹடில்ஸ்டனைத்தான் ரகசியமாக உள்ளே அழைத்து வந்தார்கள். இந்த முறை மாறுவேடம் போட்டிருந்தவர் பாதிரியார்.