அறிவை ஆராய்ந்தவர்கள்

பனியன் கம்பெனிகளின் இரவு வேலைக்கு நடுவே இவ்வொலிபரப்பைக் கேட்கும் திருப்பூர் நேயர்களுக்கு, நூலோடு உறவாடிய குடும்பத்தில் பிறந்த ஒருவரே நம் கொங்கு நாட்டில் மனித அறிவின் ஸ்வரூபத்தை ஆராயும் ஸ்தாபனமொன்றை நிறுவினார் என்பது தனி மகிழ்ச்சி தரும். 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, கைத்தறித் தொழிலை நடத்தியவாறே தியானத்தில் ஆழ்ந்த வேதாத்திரி மகரிஷி, 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, பின்னர் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை எழுப்பினார்.

அது அகத்தே நோக்கும் சாதனை. புலன் கடந்த ஞானம் உண்டா என்று புறத்தே நின்று சோதிக்கும் மார்க்கம் வேறு. அதற்கென 1882-இல் லண்டனில் ஒரு சங்கம் தோன்றிற்று. அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையில் ஜே. பி. ரைன் இவ்வாராய்ச்சியைச் சோதனைச்சாலைக்குள் கொணர்ந்தார். அவரோடு பணியாற்றிய கே. ராமகிருஷ்ண ராவ் 1967-இல் ஆந்திர சர்வகலாசாலையில் அதற்கென ஒரு துறையையே அமைத்தார். நம்பிக்கையைக் கணக்கின் முன் நிறுத்திய அவர்களுடைய துணிவு போற்றத்தக்கது. ரைனின் சோதனைக்குரியவை வட்டம், சதுரம், நட்சத்திரம், கூட்டற்குறி, அலைக்கோடு என்னும் ஐந்து சின்னங்களில் ஐந்தைந்தாக 25 சீட்டுகள். மறைத்து வைத்த சீட்டை வெறும் ஊகத்தால் சொல்பவருக்கும் சராசரியாக ஐந்து சரியாக அமைந்துவிடுமாதலால், பன்முறை சோதித்தபின்னும் அதற்கு மேல் நிற்கும் எண்ணிக்கையே விசாரணைக்குரியது. அவ்விதம் கிட்டியதாகச் சொன்ன பலன்கள் பிற சோதனைச்சாலைகளில் உறுதிப்படவில்லை என்பதே பெரும்பான்மை விஞ்ஞானிகளின் தீர்ப்பு. ஆரம்பகாலச் சீட்டுகள் சிலவற்றில் சின்னம் பின்புறமே தெரிந்ததும் பிற்பாடு வெளிப்பட்டது.