கைகர் குழாயை அடக்கும் வாயு

கதிரியக்கப் பொருளருகே கைகர் எண்ணியைக் கொண்டுபோனால் 'டிக் டிக்' என்று ஒலிக்கும். ஒவ்வொரு 'டிக்'கும் ஒரு கதிர் குழாய்க்குள் சிக்கியதற்குச் சாட்சி. ஆனால் அந்த ஒலியை எழுப்புவது சுலபம். அடுத்த கதிர் வருவதற்குள் அதை அடக்குவதுதான் பெரிய காரியம்.

1928-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹான்ஸ் கைகரும் அவருடைய மாணவர் வால்டர் முல்லரும் உருவாக்கிய குழாயின் அமைப்பு எளிமையானது. ஓர் உலோக உருளை, நடுவே மெல்லிய கம்பி, இரண்டுக்கும் இடையே குறைந்த அழுத்தத்தில் வாயு, பல நூறு வோல்ட் மின்னழுத்தம். நுழையும் கதிர் ஒரே ஓர் எலக்ட்ரானைப் பெயர்த்தாலும் போதும். அது கம்பியை நோக்கிப் பாயும்போது எதிர்ப்பட்ட அணுக்களிலிருந்து மேலும் எலக்ட்ரான்களை உதிர்க்கும். அவையும் அதையே செய்ய, நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் கோடிக்கணக்கில் பெருகிவிடும். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் காற்று இதற்கு ஏற்றதல்ல. ஆர்கான், நியான் போன்ற மந்த வாயுக்களுக்கு அந்தக் குணம் இல்லை.

சிக்கல் பிறகுதான் தொடங்குகிறது. எலக்ட்ரானை இழந்த ஆர்கான் அயனிகள் மெல்ல நகர்ந்து உருளையின் சுவரைத் தொடும்போது, தம்மிடம் எஞ்சிய ஆற்றலால் அங்கிருந்து புதிய எலக்ட்ரானைப் பெயர்த்துவிடக்கூடும். கதிரே வராமல் குழாய் மீண்டும் மீண்டும் துடிக்கும்.

இதற்கு மருந்தாக வந்தது எத்தனால் ஆவி. பத்தில் ஒரு பங்கு கலந்தால் போதும். ஆர்கானை அயனியாக்க 15.8 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், எத்தனாலுக்கு 10.5 போதும். எனவே சுவருக்குப் போகும் வழியிலேயே ஆர்கான் அயனிகள் எத்தனாலிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன. சுவரை அடைவது எத்தனால் அயனி. அதன் ஆற்றல் மூலக்கூறு உடைவதிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் உடைந்த மூலக்கூறு திரும்பக் கூடுவதில்லை. சுமார் நூறு கோடி துடிப்புகளில் குழாயின் ஆயுள் முடிந்துவிடும்.

1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிட்னி லீப்சன் குளோரின், புரோமின் போன்ற ஹாலஜன்களைக் கையாண்டார். இவற்றின் மூலக்கூறு உடைந்தாலும் இரு அணுக்களும் மீண்டும் சேர்ந்துகொள்கின்றன. குழாய் நெடுநாள் உழைக்கிறது. ஹாலஜனும் எலக்ட்ரானைப் பிடிக்கக்கூடியது, உலோகத்தை அரிக்கவும் கூடியது. ஆகவே அதன் அளவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். சோவியத் நாட்டின் எஸ்.பி.எம்-20 இந்த வகைக் குழாய். சுமார் 400 வோல்ட்டிலேயே இயங்குகிறது.

கதிரை எண்ணினால் மட்டும் போதாது, அதன் ஆற்றலையும் அளக்க வேண்டுமென்றால் விகிதமுறை எண்ணிகள் தேவை. அவற்றில் பெரிதும் புழங்கும் பி-10 கலவையில் 90 சதவீதம் ஆர்கான், 10 சதவீதம் மீத்தேன். பெருக்கத்தின்போது எழும் புற ஊதா ஒளியை மீத்தேன் விழுங்கிவிடுவதால், கதிர் விட்டுச்சென்ற ஆற்றலுக்கு ஏற்ற அளவிலேயே துடிப்பு எழுகிறது. ஆல்ஃபாத் துகளையும் பீட்டாத் துகளையும் அந்தத் துடிப்பின் அளவை வைத்தே பிரித்தறிகிறார்கள்.