கல்விக் கடன் இ.எம்.ஐ கட்டுகிறீர்களா? வரியில் எவ்வளவு மிச்சமாகும்?

படிப்பு முடிந்து வேலை கிடைத்து, முதல் சம்பளம் வாங்கிய சந்தோஷம் அடங்குவதற்குள் கல்விக் கடனின் மாதத் தவணை தொடங்கிவிடுகிறது. ‘கடன் கட்டினால் வருமான வரி குறையுமே’ என்று பலரும் ஆறுதல் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

வட்டிக்கு மட்டும்!

80-இ என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த இந்தச் சலுகை, வட்டிக்கு மட்டுமே கிடைக்கும், அசலுக்குக் கிடையாது. உதாரணமாக, 6 லட்சம் ரூபாய் கடன், 10% வட்டி, 7 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை சுமார் 9,960 ரூபாய். முதல் ஆண்டு கட்டும் 1.2 லட்சத்தில் வட்டி சுமார் 57,000 ரூபாய்தான். 20% வரி வரம்பில் இருப்பவருக்கு இதனால் மிச்சமாவது, செஸ் சேர்த்து ஏறக்குறைய 11,900 ரூபாய்.

வட்டிக்கு உச்சவரம்பு இல்லை. ஆனால், வட்டி கட்டத் தொடங்கும் ஆண்டிலிருந்து 8 ஆண்டுகளுக்கு மட்டுமே சலுகை. கடன் வாங்கியவரே தன் வருமானத்திலிருந்து கட்டியிருக்க வேண்டும். வங்கி போன்ற நிதி நிறுவனங்களிலோ அங்கீகரிக்கப்பட்ட அறக்கட்டளைகளிலோ வாங்கிய கடனாக இருக்க வேண்டும். மாமாவிடமோ நண்பரிடமோ வாங்கிய கடன் கணக்கில் வராது.

எந்த வரி முறை?

இந்தச் சலுகை பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. ஆனால், 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12.75 லட்சம் ரூபாய் வரையிலான ஆண்டுச் சம்பளத்துக்கு வரியே இல்லை. 8 லட்சம் சம்பளம் வாங்குபவர் 57,000 ரூபாய் வட்டியையும், 1.5 லட்சம் ரூபாய் சேமிப்பையும் காட்டிப் பழைய முறைக்குப் போனால், சுமார் 22,000 ரூபாய் வரி கட்ட வேண்டியிருக்கும். புதிய முறையில் பூஜ்யம்! சம்பளம் அதிகமாக இருந்து, வீட்டு வாடகைப் படி, சேமிப்பு எனக் கழிவுகளும் நிறைய இருப்பவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். பழைய முறை என்றால், வங்கியில் வட்டிச் சான்றிதழ் வாங்கி அலுவலகத்தில் கொடுங்கள். சம்பளத்தில் பிடிக்கும் டி.டி.எஸ் குறையும்.

வரிக்காகக் கடனை நீட்டிக்காதீர்கள். 57,000 ரூபாய் வட்டி கட்டி 11,900 ரூபாய் மிச்சம் பிடித்தாலும், 45,000 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. போனஸ் வரும்போது ஒரு பகுதியை அசலில் கட்டுங்கள். கடன் சீக்கிரம் முடிந்தால், மாதாமாதம் 9,960 ரூபாய் உங்கள் கையில்!